புகையற்ற அடுக்களை

அந்தமான் தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆதலால் அங்குள்ள சிற்றூர்களில் விறகு எளிதில் உலர்வதில்லை. ஈர விறகின் வெப்பத்தில் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. புகையும் கார்பன் மோனாக்சைடும் மிகுந்து, அடுப்பண்டை இருப்போரின் நுரையீரலைக் கெடுக்கின்றன. எனவே, விறகு எரிக்கும் அடுக்களையைச் சீரமைப்போர் முதலில் புகை வெளியேற வழி செய்தல் வேண்டும்.

ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு புகைபோக்கியுடன் கூடிய அடுப்பை வடிவமைத்து, 1953இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். சூடான காற்று இலேசானது. அது புகைபோக்கியில் மேலெழுந்து புகையையும் உடன் கொண்டுசெல்கிறது. புகைபோக்கி கூரைக்கு மேல் உயர்ந்திருத்தல் வேண்டும். ஓலையையோ மரத்தையோ தொடலாகாது. புகைக்கரி அடைத்துக்கொண்டால் புகை அறைக்கே திரும்பும். 1983இல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் அமைத்த அடுப்புகள் பல, பராமரிப்பின்றிக் கைவிடப்பட்டன. ஆகையால் களப்பணியாளர் அடுப்பை அமைப்பதோடு, துப்புரவு செய்யும் முறையையும் கற்பித்தல் வேண்டும்.