நாலாவது ஆளுக்கேற்ற மைதானம்

சார்லட்டிலிருந்து மிர்ட்டில் பீச்சுக்குக் காரில் நாலு மணி நேரம். முதல் தடவை நாங்கள் நாலு பேர் கிளம்பியபோது வழி நெடுக ஒரே பேச்சு: எத்தனை ரவுண்டு கோல்ஃப் ஆடலாம்? மூன்று நாளில் ஐந்து என்று முடிவாயிற்று. பட்டியல் போட்டவன் நான். பத்திரிகைத் தரவரிசைகளில் மேலே இருந்தவை, கடினமானவை என்று பெயரெடுத்தவை எல்லாவற்றையும் தேடித் தேடிப் பிடித்திருந்தேன்.

இரண்டாம் நாள் பிற்பகல், பதினொன்றாவது ஹோலில், எங்களில் மூத்தவரான அண்ணன் மட்டையைப் பையில் வைத்துவிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதுக்குமேல் இந்த ஆட்டத்துக்கு வந்தவர். டிரைவர் மட்டையால் ஓங்கி அடித்தால் 200 யார்டு போகும். காலையிலிருந்து பதினான்கு பந்துகள் தண்ணீருக்குப் போயிருந்தன. "நீங்க ஆடுங்க தம்பி, நான் கார்ட் ஓட்டுறேன்" என்றார். குரலில் கோபமில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. வருஷத்தில் ஒரு முறை விடுப்பெடுத்து, எங்களுக்குச் சமமாகப் பணமும் கொடுத்து வந்த மனிதரை, அவரால் ஆடவே முடியாத ஐந்து இடங்களுக்கு நான் அழைத்துப் போயிருக்கிறேன்.

அதற்குப் பிறகு தெற்குக் கரோலினாக் கடற்கரைக்கு நாலு முறை போய்விட்டோம். இன்றைக்கு ஒரு மைதானத்தைப் பட்டியலில் சேர்க்குமுன், அண்ணன் நிற்கப்போகும் டீயில் நானும் மனத்தால் போய் நின்று பார்க்கிறேன். நன்றாக ஆடுகிற மூன்று பேருக்கு எந்த இடமும் ஒத்துவரும். நாலாவது ஆளுக்கு ஒத்துவருகிற இடத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

முதலில் நீளம். பெரும்பாலான மைதானங்களில் ஒவ்வொரு ஹோலுக்கும் முன்னும் பின்னுமாக நாலைந்து டீ இருக்கும். 2011இல் அமெரிக்காவின் பிஜிஏ, யுஎஸ்ஜிஏ அமைப்புகள் சேர்ந்து, அடிக்கும் தூரத்துக்கேற்ப டீயைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஓர் அட்டவணை வெளியிட்டன. டிரைவர் 250 யார்டு போகிறவருக்கு மைதானத்தின் மொத்த நீளம் 6,200 முதல் 6,400 யார்டு வரை. 225 போனால் 5,800 முதல் 6,000. 200 போனால் 5,200 முதல் 5,400. எங்கள் முதல் பயணத்தில் நாலு பேரும் ஒரே டீயில், 6,500 யார்டுக்குமேல் நின்றோம். ஒன்றாக ஆடுவது என்றால் ஒரே இடத்தில் நின்று அடிப்பது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஹேண்டிகேப் கணக்கு வெவ்வேறு டீயில் ஆடுகிறவர்களையும் ஒரே போட்டியில் சேர்த்துவிடும். ஆகவே, முன்டீ ஒழுங்காக அமைந்த மைதானமா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. சில இடங்களில் முன்டீ என்பது ஃபேர்வே ஓரத்தில் பேருக்கு நட்ட இரண்டு கட்டைகளாகவே இருக்கும். அப்படிப்பட்ட மைதானத்துக்கு அந்த நாலாவது ஆளைப் பற்றிய நினைப்பே இல்லை.

அடுத்து ஸ்லோப் எண். 55க்கும் 155க்கும் இடையில் வரும், 113 நடுத்தரம். தேர்ந்த ஆட்டக்காரரைவிடச் சாதாரண ஆட்டக்காரரை அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகச் சோதிக்கும் என்பதைச் சொல்லும் எண் இது. அண்ணன் ஆடப்போகும் டீக்கு அது 130ஐத் தாண்டினால் அந்த இடத்தை விட்டுவிடுவேன். இது என் அனுபவத்தில் வந்த அளவு, விதி இல்லை.

எண்கள் மறைக்கிற விஷயம் ஒன்று இந்தக் கடற்கரையில் உண்டு. டீக்கும் ஃபேர்வேக்கும் நடுவே உப்புச் சதுப்பு நிலம் கிடக்கும். பந்து அதை ஒரே அடியில் தாண்டியாக வேண்டும். 150 யார்டு தாண்ட வேண்டிய ஹோல் நாலு இருந்தாலே போதும், புதிதாக ஆடுகிறவரின் நாள் முடிந்தது. இதை நான் செயற்கைக்கோள் வரைபடத்தில் பார்க்கிறேன். பதினெட்டு ஹோலையும் பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். முன்டீயிலிருந்து தரையிலேயே உருட்டிக்கொண்டு போக வழி இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். பயண ஏற்பாட்டில் நான் செலவழிக்கும் மிகப் பயனுள்ள அரை மணி நேரம் அது.

இனி இடங்கள். மிர்ட்டில் பீச்சை நடுவில் வைத்து அறுபது மைல் நீளும் கடற்கரையை கிராண்ட் ஸ்ட்ராண்ட் என்பார்கள். எண்பதுக்குமேல் மைதானங்கள் இருக்கின்றன. கடற்கரை ஊர் ஆயிற்றே, எல்லாம் கடலைப் பார்த்தபடி இருக்கும் என்று முதல் தடவை நானும் எண்ணினேன். பெரும்பாலானவை உள்ளே தள்ளி, பைன் மரங்களுக்கும் வெட்டிய குளங்களுக்கும் நடுவில் இருக்கின்றன. மோசமில்லை, ஆனால் அதே மாதிரி ஒன்று சார்லட்டில் என் வீட்டிலிருந்து இருபது நிமிஷத்தில் இருக்கிறது. நாலு மணி நேரம் ஓட்டிப் போகிறவர்கள் இந்த மண் மட்டுமே தரக்கூடியதைக் கேட்டுப் பெற வேண்டும்: சதுப்பு நிலம், ஆறு, சடைசடையாக ஸ்பானிஷ் மாஸ் தொங்கும் லைவ் ஓக் மரங்கள். (அதற்குப் பாசி என்று பெயரே தவிர, உண்மையில் அது அன்னாசிக் குடும்பத்துச் செடி.)

மிர்ட்டில் பீச்சிலேயே உள்ள டியூன்ஸ் கிளப்பில் கடல் கொஞ்சம் தெரியும். ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் வடிவமைத்தது. 2024 முதல் பிஜிஏ டூர் போட்டி அங்கே நடக்கிறது. ஏரியைச் சுற்றி வளையும் பதின்மூன்றாவது ஹோலுக்கு வாட்டர்லூ என்று பெயர். உறுப்பினர்களுக்கான கிளப் என்பதால், சில ஹோட்டல்களில் தங்குகிறவர்களுக்குத்தான் வெளியாள் என்ற முறையில் இடம் கிடைக்கும். விடுதியைப் பதிவு செய்யும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனக்கு மனம் நிறைந்த இடம் இன்னும் தெற்கே, பாலிஸ் ஐலண்டில் இருக்கும் கலிடோனியா. 1994இல் திறந்தது. மைக் ஸ்ட்ரான்ட்ஸ் தனியாக வடிவமைத்த முதல் மைதானம். 2005இல், ஐம்பதாவது வயதில் அவர் இறந்துவிட்டார். உள்ளே நுழையும் பாதையின் இரு பக்கமும் ஓக் மரங்கள் கைகோத்து நிற்கின்றன. பார் 70, பின்டீயிலிருந்து 6,526 யார்டுதான். டீக்களுக்கு வாத்து இனங்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். முன்டீ 5,000 யார்டுக்குச் சற்றுக் குறைவு. அதிலிருந்தும் ஹோல்கள் ஹோல்களாகவே இருக்கின்றன. எங்கள் இரண்டாவது பயணத்தில் அண்ணன் முதல்முறையாகப் பதினெட்டையும் ஒரே பந்தில் முடித்தது இங்கேதான்.

ஆனால் அன்று அவர் ஆட்டத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. பதினெட்டாவது கிரீனை ஒட்டி கிளப் கட்டடத்தின் திண்ணை இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் பழைய நெல் வயல்கள் தெரியும். அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, இது வரப்பு. ஆத்துத் தண்ணி உள்ள வரணும்னா மதகு ஒண்ணு இருந்திருக்கணுமே" என்றார். இருந்தது. கடல் ஏற்றத்தில் ஆற்று நீர் மேலேறும்போது வயலுக்குள் விட்டு, இறக்கத்தில் வடிக்க மரத்தால் செய்த மதகுகள். 1840வாக்கில் அமெரிக்காவில் விளைந்த நெல்லில் ஏறக்குறைய பாதி இந்த ஜார்ஜ்டவுன் மாவட்டத்தில் விளைந்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் உழைப்பு அது. நெல் பயிரிடும் அறிவையும் அவர்களே கொண்டு வந்தார்கள். இடுப்பளவு சேற்றில் நின்று சைப்ரஸ் காட்டை அழித்து இந்த வரப்புகளைப் போட்டவர்கள் அவர்கள். நாற்று நட்ட கை அண்ணனுடையது. அவர் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. இங்கே ஆட வருகிற எவரும் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

கலிடோனியாவிலிருந்து சாலைக்கு எதிர்ப்புறம் அதே ஸ்ட்ரான்ட்ஸ் 1998இல் அமைத்த ட்ரூ ப்ளூ. பின்டீயிலிருந்து 7,100 யார்டுக்குமேல் நீளம், மணலும் அகலமும். பெயரில் உள்ள நீலம் அவுரிச் சாயத்தினுடையது, அதுவும் இந்த மண்ணில் விளைந்த பயிர். பார்க்கப் பயமுறுத்தும், ஆனால் ஃபேர்வேக்கள் அகலம், முன்டீயிலிருந்து எதிர்பார்த்ததைவிட இரக்கமுள்ளது. ஒரே நாளில் இரண்டையும் ஆட நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். நான் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளச் சொல்வேன்.

பெரிய பெயர்களை என்ன செய்வது? கியாவா தீவின் ஓஷன் கோர்ஸ், 1991 ரைடர் கோப்பைக்காக பீட் டை கட்டியது. அவர் மனைவி ஆலிஸ் டை, ஃபேர்வேக்களை உயர்த்தினால் எல்லா இடத்திலிருந்தும் கடல் தெரியுமே என்றார். உயர்த்தினார்கள், கூடவே காற்றும் வந்தது. 2021இல் ஃபில் மிக்கல்சன் ஐம்பது வயதில் பிஜிஏ சாம்பியன்ஷிப் வென்றது இங்கேதான். ஒரு ரவுண்டுக்குப் பல நூறு டாலர். இதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நாலு பேரும் ஆட வேண்டும் என்பதில்லை. கியாவாவில் விடுதியைச் சேர்ந்த மைதானங்களே ஐந்து இருக்கின்றன. மூன்றாவது பயணத்தில் இரண்டு பேர் ஓஷன் கோர்ஸுக்குப் போனோம். அதே காலையில் அண்ணனும் இன்னொருவரும் டாம் ஃபாசியோ வடிவமைத்த ஆஸ்ப்ரே பாயின்ட்டில் ஆடினார்கள். மதியச் சாப்பாட்டில் இரு தரப்பும் ஒரே நேரத்தில் கதை சொன்னோம். ஹில்டன் ஹெட்டின் ஹார்பர் டவுன் வேறு ரகம். 1969இல் வந்தது, நீளம் இல்லை, ஆனால் மரங்கள் நெருக்கும், கிரீன்கள் சின்னவை. கடைசி ஹோலில் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்து அடிப்பது கண்ணை விட்டு அகலாது. நேராக அடிக்கத் தெரிந்தவர், தூரம் குறைவானாலும், அங்கே நன்றாகவே ஆடலாம்.

ஒரு பயணத்துக்கு ஒரு பெரிய பெயர் போதும். அதையும் கடைசி நாளில் வைக்காதீர்கள்; மழை பெய்தால் மாற்ற நாள் இருக்காது. முதல் நாள், காரிலிருந்து இறங்கிய முதுகோடு ஆடுவதற்கு எளிதான ஒன்று. கடலோர மைதானங்களைக் காலையில் வைக்க வேண்டும். பிற்பகலில் கடற்காற்று ஏறிவிடும். மிர்ட்டில் பீச், சார்ல்ஸ்டன், ஹில்டன் ஹெட் மூன்றையும் ஒரே பயணத்தில் தொட்டால் பாதி நாள் நெடுஞ்சாலையில் போய்விடும். இரண்டு போதும்.

புல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தெற்கத்தி மைதானங்களில் பெரும்பாலும் பெர்முடா புல். அது வேறொன்றும் இல்லை, நம் அருகம்புல்லின் இனம். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதுதான். தரையோடு படர்ந்து ஒரு பக்கமாகச் சாயும் அதன் குணத்தை ஊரில் பார்க்காதவர் யார்? கிரீனில் அந்தச் சாய்வுதான் பந்தை இழுக்கும். பந்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது புல் பளபளத்தால் அது உங்களை விட்டு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். மங்கலாகத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, ஓங்கித்தான் அடிக்க வேண்டும். அண்ணனுக்கு இதைச் சொன்ன அன்றே அவர் பட்டிங் மாறிவிட்டது.

பெர்முடா கோடையில் வளரும், குளிரில் பழுப்பாகி உறங்கும். அதனால் கிரீனில் துளையிட்டு மணல் போடும் வேலையைக் கோடை மாதங்களில் செய்வார்கள். ஜூலையில் கட்டணம் குறைவென்று ஒரு முறை போனோம். போய் இறங்கிய மைதானத்தில் நாலு நாள் முன்புதான் துளையிட்டிருந்தார்கள். பதிவு செய்யும்போது ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பந்து மணலில் குதித்துக் குதித்துப் போயிற்று. அன்றுமுதல் எங்கே பதிவு செய்தாலும் போன் போட்டு மூன்று கேள்வி கேட்கிறேன்: கிரீனில் கடைசியாக எப்போது துளையிட்டீர்கள், அடுத்தது எப்போது? குளிர்காலப் புல் விதைப்பு எப்போது? ஃபேர்வேயில் கார்ட் போகலாமா, பாதையிலேயே நிற்க வேண்டுமா? முழங்கால் வலியுள்ளவருக்கு மூன்றாவது கேள்விதான் முக்கியம். சில மைதானங்கள் இலையுதிர் காலத்தில் ரை புல் விதைக்கும்; அப்போது வாரக்கணக்கில் கார்ட் பாதையை விட்டு இறங்க முடியாது. ஏப்ரலும் அக்டோபர் கடைசியும் நல்ல காலம், கட்டணமும் அதிகம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதால், பதிவை ரத்து செய்ய முடியுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

முதலைகளைப் பற்றி ஒரே வரி: தண்ணீர் ஓரத்துப் பந்தை விட்டுவிடுங்கள்.

சார்ல்ஸ்டனில் ஒரு நகராட்சி மைதானம் இருக்கிறது. ஜேம்ஸ் தீவில், 1929இல் திறந்தது. 2020இல் புதுப்பித்தபோது, அந்த வட்டாரத்தில் நூறாண்டு முன்பு மைதானங்கள் கட்டிய செத் ரேனரின் பாணியை எடுத்துக்கொண்டார்கள். சில ஹோல்கள் ஸ்டோனோ ஆற்றுச் சதுப்பைத் தொட்டபடி போகின்றன. கட்டணம் விடுதி மைதானங்களுக்குப் பக்கத்திலேயே வராது. 1743இல் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்திலிருந்து 96 மட்டைகளும் 432 பந்துகளும் கப்பலேறி வந்த ஊர் இது. அங்கே உள்ளூர்த் தபால்காரரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஆடும் மைதானத்தில் அவர்களோடு சேர்ந்து ஆடியது எங்களுக்குக் கிடைத்த நல்ல நாட்களில் ஒன்று.

வரும் ஏப்ரலுக்கான பட்டியலை அண்ணனையே போடச் சொன்னேன். போன வாரம் அனுப்பினார். முதல் நாள், சார்ல்ஸ்டன் நகராட்சி மைதானம். இரண்டாம் நாள், கலிடோனியா. மூன்றாம் நாள் காலை ஆட்டம் இல்லை, ஜார்ஜ்டவுனில் நெல் அருங்காட்சியகம்; பிற்பகல் ட்ரூ ப்ளூ. அதற்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தில்: "நான் முன்டீ. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அவரவர் டிரைவரை அளந்து சொல்லவும்."