வேற்றுக்கிரக வில்லனைத் திருக்கடையூரில் தேடுவது எப்படி?

திருக்கடையூர் சன்னதித் தெருவில் குடியிருப்பவர்களுக்கு நாள் தவறாமல் கல்யாண மேளம்தான். அறுபது நிறைந்தவர்களும் எண்பது நிறைந்தவர்களும் மாலையும் கழுத்துமாகப் போவார்கள், பேரப்பிள்ளைகள் பின்னால் ஓடும். அந்தத் தெருத் திண்ணை ஒன்றில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து விண்வெளிக் கதை விளையாடுகிறோம். ஒருவர் கதையை நடத்துவார். அவர் கேம் மாஸ்டர். மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் அவரிடம் பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். மாதக்கணக்கில் நீளும் ஒரே கதைக்கு கேம்பெயின் என்று பெயர்.

எங்கள் முதல் கேம்பெயினுக்கு நான் செய்த வில்லனுக்கு எட்டுக் கண், வாயில் அமிலம், இரும்பைக் கடிக்கும் பல். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நான்காவது ஞாயிறு அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கதை அங்கேயே நின்றுபோனது.

அன்று மேளம் தெருவைக் கடந்து போகையில் அக்கா மகன் கேட்டான்: "மாமா, எமனைத்தான் இங்க உதைச்சாச்சே, அப்புறம் எப்படி எமன் இன்னும் இருக்கான்?" எதிர்வீட்டுப் பாட்டி காய் நறுக்கிக்கொண்டே பதில் சொன்னார்: "அவன் இல்லாட்டி பூமி பாரம் தாங்குமாடா?" நான் இப்போது வில்லன்களைத் தேர்ந்தெடுக்கும் முறை முழுவதும் அந்தப் பதிலிலிருந்து வந்தது. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலில், வில்லனை மறந்துவிட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். எது வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். இங்கிருந்து தரங்கம்பாடி கூப்பிடு தூரம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்ததில் ஆளை இழந்த வீடுகள் இந்தக் கரை நெடுக உண்டு. அலையை ஆயுதமாக ஏவும் வில்லன் வேறு ஊரில் வெறும் கதையாக இருக்கலாம். எங்கள் திண்ணையில் அவனுக்கு இடமில்லை. மேசை நடுவில் எக்ஸ் குறி போட்ட ஓர் அட்டை வைத்திருக்கிறோம். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அதோடு சரி. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

அடுத்தது, வில்லனுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். உருவத்தைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். இதற்கு நம்மிடமே நல்ல பாடம் இருக்கிறது. 1963இல் ஏ.காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி' படத்தில் வேற்றுக்கிரகத்திலிருந்து நம்பியார் வருகிறார். அவர்கள் உலகத்தில் விஞ்ஞானம் உச்சத்தில் இருக்கிறது, கலைதான் இல்லை. அதனால் பாடத் தெரிந்த பானுமதியைத் தூக்கிப்போகிறார்கள். தேடிப்போகும் எம்.ஜி.ஆர். ஒரு விவசாயி. அறுபது வருடம் கழித்தும் அந்தக் கதையை ஒரு மூச்சில் சொல்லிவிட முடிகிறதென்றால், அதற்குக் காரணம் வில்லனின் தேவை அவ்வளவு தெளிவாக இருப்பதுதான். "பூமியைப் பிடிக்க வருகிறார்கள்" என்பது தேவையே ஆகாது. பிடித்து என்ன செய்வார்கள்? எது இல்லாமல் தவிக்கிறார்கள்? அந்த இல்லாமை உங்கள் ஆட்டக்காரர்கள் கையில் இருக்கும் ஒன்றைத் தொட வேண்டும்.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு அந்த ஒன்று எது என்று சொல்லவே வேண்டாம். நாங்கள் கடைமடை. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தாலும் இங்கே வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்ட நாளாகும். மேலே ஒருத்தர் மடையைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைத்தால் போதும், கீழே குறுவை போய்விடும். மேலே இருப்பவருக்கு நம்மேல் பகை ஒன்றும் இல்லை, அவர் வயலும் காயத்தானே செய்கிறது? இப்படிப்பட்ட வில்லன் கிடைத்தால் விடாதீர்கள். வெறுக்கவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது.

மூன்றாவதாக, அவன் மீற முடியாத ஒரு விதியைக் கொடுங்கள். இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கோயிலுக்குள் போய்ப் பார்ப்பது நல்லது. அட்ட வீரட்டத் தலங்களில் இது ஒன்று. எமனை உதைத்த சிவனான காலசம்ஹார மூர்த்தியின் காலடியில் எமன் விழுந்து கிடக்கிறான். தலபுராணத்தில் அவன் செய்த தவறுதான் என்ன? மார்க்கண்டேயனுக்குப் பதினாறு வயது என்பது கொடுக்கப்பட்ட கணக்கு. கணக்கு முடிந்தது, எமன் வந்தான், பாசக்கயிற்றை வீசினான். பையன் லிங்கத்தைக் கட்டிக்கொண்டிருந்ததால் கயிறு லிங்கத்தின் மேலும் விழுந்தது. கடமையைத் துளியும் பிசகாமல் செய்யப்போன இடத்தில்தான் எல்லையைத் தாண்டினான்.

அப்படி ஒரு விதி இருந்தால் ஆட்டக்காரர்கள் வில்லனைப் படிக்க ஆரம்பிப்பார்கள். "இவன் பொய் சொல்ல மாட்டான்", "எண்ணி முடிக்காமல் தொட மாட்டான்" என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். விதியே இல்லாத வில்லன் எப்போது வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்வான். அவனிடம் யோசித்து ஜெயிக்க வழியில்லை, பகடையை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கதையின் எலும்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எமனையே பச்சைத் தோலும் லேசர் துப்பாக்கியுமாக மேசைக்குக் கொண்டுவராதீர்கள். வாசலில் அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் கும்பிடும் சாமி அது.

நான்காவது படிதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது, பாட்டி சொன்னதும் இதுதான். எமன் விழுந்த பிறகு சாவு நின்றது. பிறப்பு நிற்கவில்லை. பாரம் தாங்காமல் பூமாதேவி முறையிட, எமன் உயிர் பெற்றான். அதே கோயிலில் கைகூப்பி நிற்கும் எமனையும் கும்பிட்டுவிட்டு வரலாம். ஆகவே உங்கள் வில்லனை எழுதிய தாளில் ஒரு கேள்வியைப் போட்டு, அதற்குப் பதில் எழுதுங்கள்: இவன் தோற்றால் எது நின்றுபோகும்?

இப்போது நடத்திக்கொண்டிருக்கும் கேம்பெயினுக்கு நான் எழுதிய பதில் இது. எங்கள் வில்லன்களுக்கு அளவர் என்று பெயர் வைத்தேன். உயிரில்லாத கோள்களில் காற்றையும் நீரையும் உண்டாக்கித் தருவது அவர்கள் தொழில். ஒவ்வொரு கோளுக்கும் கால அளவு உண்டு. அது முடிந்தால் காற்றைத் திரும்ப எடுத்து அடுத்த கோளுக்குக் கொண்டுபோவார்கள். ஆட்டக்காரர்களின் கோளுக்கு இன்னும் பதினாறு மாதம் மீதி. அளவரை விரட்டினால் இந்தக் கோள் பிழைக்கும், காற்றுக்காக வரிசையில் காத்திருக்கும் இன்னொரு கோள் மூச்சே விடாமல் போகும். இதை ஆறாவது வாரம் வெளியிட்டேன். அன்று ஆட்டம் முடிந்தும் நால்வரும் எழுந்திருக்கவில்லை, ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை வாக்குவாதம்.

ஐந்தாவது, வில்லனை உடனே காட்டிவிடாதீர்கள். நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி எப்படி வருகிறது என்று சம்பா சாகுபடி செய்கிற யாரையும் கேளுங்கள். வயல் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்து தெரியும்போதுதான் தூரத்தில் இருப்பவருக்கு விஷயம் தெரியும். அதற்கு முன்பே குனிந்து தூரைப் பிரித்துப் பார்த்தவருக்குத் தெரிந்திருக்கும்: தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தவிட்டு நிறத்தில் அப்பிக்கொண்டு நிற்கும், தட்டினால் தெறித்துத் தண்ணீரில் விழும். மேலே பச்சை, அடியில் சாறு உறிஞ்சல். உங்கள் கதையும் அப்படியே போகட்டும். முதல் வாரம் ஒரு வட்டம் காய்ந்திருக்கிறது. இரண்டாம் வாரம் யாரோ ஒருவர் குனிந்து பார்க்கிறார். மூன்றாம் வாரம்தான் முகம்.

புகையானிடம் கற்க இன்னும் உண்டு. யூரியாவை அள்ளிப்போட்ட வயலிலும், சிலந்திகளையும் நன்மை செய்யும் பூச்சிகளையும் சேர்த்துக் கொல்லும் மருந்தை அடித்த வயலிலும்தான் அது அதிகம் பெருகும். நாம் செய்ததே அதற்கு வழிவிடுகிறது. வில்லன் வலுத்ததில் ஆட்டக்காரர்களின் பழைய முடிவு ஒன்றுக்குப் பங்கு இருந்தால் கதை அவர்களுடையதாகிவிடும். புகையானை அடக்க மருந்து மட்டும்தான் வழி என்பதும் இல்லை. தண்ணீரை வடிக்கலாம், எட்டடிக்கு ஓர் இடைவெளியாகப் பட்டம் விட்டு நடலாம், விளக்குப்பொறி வைக்கலாம். வில்லனுக்கு எதிராகச் சுடாமலே செய்யக்கூடிய மூன்று வழிகளையாவது முன்கூட்டி யோசித்து வையுங்கள்.

ஆறாவது, நம் பக்கத்து ஆள் ஒருவர் வில்லனால் லாபம் அடைய வேண்டும். 1982இல் வந்த 'ஸ்டார் ஃப்ரன்டியர்ஸ்' விளையாட்டில் சதார் என்னும் புழு உருவ வில்லன்கள் பெரும்பாலும் கையாட்களை வைத்தே காரியம் பார்ப்பார்கள். 2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே வேற்றுக்கிரகவாசி நல்லவர், பூமியைத் தோண்டுகிற மனிதன்தான் வில்லன். டெல்டாவில் மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்று ஆழ்குழாய்களுக்குப் பயந்த எங்களுக்கு அது சட்டென்று புரிந்தது.

அடுத்தது பேச்சு. தமிழில் விளையாடுகிறவர்களுக்குக் கிடைத்த கொடை இது, ஆங்கிலத்தில் விளையாடும் நண்பர்களுக்கு வாய்க்காதது. நமக்கு 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. 'நாங்கள்' என்ற சொல்லே தெரியாத ஓர் இனத்தை நினைத்துப் பாருங்கள். எல்லாமே அவர்களுக்கு 'நாம்'தான். உங்கள் ஊருக்குள் நுழைந்து, "நாம் இப்போது கிளம்ப வேண்டும்" என்று அமைதியாகச் சொல்கிறார்கள். குரலை உயர்த்தவே வேண்டாம், மேசையில் முதுகு சில்லிடும்.

திணையையும் பயன்படுத்துங்கள். நன்னூல் தேவரையும் நரகரையும்கூட மக்களோடு உயர்திணையில் சேர்க்கிறது. வேற்றுக்கிரகவாசி எந்தத் திணை? அதைவிட, அவர்கள் கணக்கில் நாம் எந்தத் திணை? எங்கள் அளவர் மனிதர்களை 'அது' என்றுதான் சொல்வார்கள். "அது அழுகிறது", "அது தண்ணீர் கேட்கிறது." பத்தாவது வாரம், தன் பங்குக் காற்றைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்த ஒரு பாத்திரத்தைப் பார்த்து ஓர் அளவர் "அவர்" என்றார். அதைச் சொல்லும்போது என் குரலே தழுதழுத்தது. அந்தப் பாத்திரத்தை ஆடிய பையன் பகடையைக் கீழே வைத்துவிட்டான்.

எண்கள் கடைசியில்தான். 1977இல் வந்த 'டிராவலர்' முறையை நாங்கள் கையாளுகிறோம், சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டு இருந்தால் போதும். கூட்டிப் பார்த்து எட்டோ அதற்கு மேலோ வந்தால் காரியம் பலிக்கும். முப்பத்தாறு முறைக்குப் பதினைந்து முறை அப்படி விழும், அதாவது நூற்றுக்கு 42 தடவை. வில்லனை அவன் இடத்தில் எதிர்த்தால் பத்து வேண்டும் என்று வையுங்கள், வாய்ப்பு 17க்கு இறங்கிவிடும். அவன் விதியைக் கண்டுபிடித்து அதைக் கொண்டு மடக்கினால் ஆறு போதும் என்று சொல்லுங்கள், 72க்கு ஏறும். யோசித்தவர்களுக்குப் பலன் கிடைக்க வேண்டும், அது பகடையிலும் தெரிய வேண்டும்.

உருவம் இன்னும் சொல்லவில்லையே என்றால், மேலே எழுதிய எல்லாவற்றுக்கும் பொருந்துவதாக ஒன்றே ஒன்றை வையுங்கள். அளவருக்கு நீளமான விரல்கள் மட்டும். விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருப்பார்கள்.

முதல் ஆட்டத்தை மடை திறந்தும் தண்ணீர் வராத ஒரு விடிகாலையில் தொடங்குங்கள். ஆட்டக்காரர்கள் வாய்க்கால் கரையோடு மேலே நடக்கட்டும். சேறு காலில் ஒட்டட்டும், கொக்கு ஒன்றுகூடக் கண்ணில் படாமல் இருக்கட்டும். மதகடியில் ஒருவர் முதுகு காட்டி உட்கார்ந்து விரல்களை மடக்கிக்கொண்டிருக்கிறார். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பாமலே, ஆட்டக்காரர்களில் ஒருவரைக் காட்டி மற்றவர்களிடம் கேட்கிறார்: "இது எத்தனை நாளாக இங்கே இருக்கிறது?"