பழுப்புக்கல் வீட்டைப் புதுப்பிக்கப் போகும் இளம் கட்டடக் கலைஞருக்கு

அன்புள்ள இளம் கட்டடக் கலைஞருக்கு,

நியூயார்க் நகரின் புரூக்ளினில் ஒரு பழைய பழுப்புக்கல் வீட்டைப் புதுப்பிக்கும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது. வாழ்த்துகள். வீட்டுக்காரர் சமையலறையைப் பற்றியும் குளியலறையைப் பற்றியும் பேசத் தொடங்குவார். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. அந்த வீட்டின் நோய்களில் பெரும்பாலானவை அதிலிருந்துதான் வருகின்றன.

பழுப்புக்கல் (பிரவுன்ஸ்டோன்) ஒருவகை மணற்கல். இரும்பு ஆக்சைடு அதற்கு நிறம் தருகிறது. நியூயார்க்குக்குத் தேவையான கல் பெருமளவில் கனெக்டிகட் மாநிலத்துப் போர்ட்லாந்து குவாரிகளிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் கட்டி விற்பவர்கள் இந்த வீடுகளைத் தெருத்தெருவாக, ஒட்டினாற்போல் எழுப்பினார்கள். சுவர் முழுக்கக் கல் அல்ல. பின்னால் செங்கல், முகப்பில் சில அங்குலக் கனத்துக்கு மட்டும் கல்.

பலவீனமும் அங்கேதான். மணற்கல் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. பூமியில் கிடந்த வாக்கிலேயே சுவரிலும் படுக்கவைத்தால் நெடுநாள் தாங்கும். பலகையாக அறுத்து முகப்பில் பதித்தபோது, பல வீடுகளில் அடுக்குகள் தெருவைப் பார்த்துச் செங்குத்தாக நின்றுவிட்டன. அப்பளக்கட்டைப் படுக்கவைத்தால் அப்படியே இருக்கும். நிமிர்த்தி வைத்தால் வெளி அப்பளம் முதலில் கழன்று விழும். மழைநீர் இடுக்கில் புகுந்து, குளிர்காலத்தில் உறைந்து விரியும்போது கல்லின் தோலும் அப்படித்தான் உரிகிறது.

சாரம் கட்டியதும் மரச்சுத்தியோடு ஏறுங்கள். ஜன்னல் மேற்கல், அடிக்கல், வாசற்படி என ஒவ்வொன்றையும் மெல்லத் தட்டுங்கள். உறுதியான கல் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்திருந்தால் பொத்தென்று சத்தம் வரும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பிறகு அண்ணாந்து பாருங்கள். வட்டங்களுக்கு மேலே ஓட்டை விழுந்த கொடுங்கையோ, அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாயோ, காரை உதிர்ந்த இணைப்போ இருக்கும். அதைச் சரிசெய்யாமல் கல்லைத் தொடாதீர்கள்.

கல்லைச் சீர்செய்யும் முறையை நகரின் நினைவுச்சின்னப் பாதுகாப்பு ஆணையம் தெளிவாக வகுத்திருக்கிறது. கெட்ட பகுதியை உறுதியான கல் தெரியும்வரை கொத்தி எடுக்க வேண்டும். அடிப்பூச்சுக்கு வெள்ளை சிமென்ட் ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு. மேல்பூச்சில் பொடித்த கல்லையும் நிறமியையும் சேர்த்து, பழைய கல்லின் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் ஒரே ஒரு ஜன்னலில் மாதிரி போடச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்தபின் பாருங்கள். நிறம் சேராவிட்டால் தயங்காமல் மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

தண்ணீரே புகாத பூச்சு ஒன்றை யாராவது சிபாரிசு செய்வார்கள். வேண்டாம். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி, கல்லைப் பின்னாலிருந்து பிளக்கும். மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்வதும் வேண்டாம். அழுக்கோடு கல்லின் முகமும் போய்விடும்.

இந்த வீடுகள் எப்படிப் பிழைத்தன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1930களின் பொருளாதார நெருக்கடியில் பல வீடுகள் அறை அறையாகத் தடுக்கப்பட்டு வாடகைக்குப் போயின. 1938இல் கூட்டரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த வரைபடத்தில் புரூக்ளினின் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் பகுதி, கடன் தர ஆபத்தான இடம் என்ற பொருளில் சிவப்பாகத் தீட்டப்பட்டது; அங்கே வங்கிக் கடன் கிடைப்பது அரிதானது. அந்த நிலையிலும் கறுப்பினக் குடும்பங்கள் அங்கே வீடு வாங்கி, தலைமுறைகளாகப் பேணின. 1965இல் நகரின் நினைவுச்சின்னச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் புரூக்ளின் ஹைட்ஸும், 1973இல் பார்க் ஸ்லோப்பும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாயின. 1968இல் எவரெட் ஆர்ட்னர் உள்ளிட்டோர் தொடங்கிய பிரவுன்ஸ்டோன் ரிவைவல் கமிட்டி புதியவர்களை இந்த வீடுகளின் பக்கம் இழுத்தது. இன்று அதே தெருக்களில் ஒரு வீட்டின் விலை பெரும்பாலும் பத்து லட்சம் டாலருக்கு மேல்.

ஆகவே, பாழடைந்த வீட்டை மீட்டதாக எழுதிக்கொள்ளும் முன் யோசியுங்கள். அது இடியாமல் நின்றதற்கு, கையில் காசில்லாத காலத்திலும் கூரைக்குத் தார் பூசியவர்கள் காரணம். அவர்களில் சிலர் இன்னும் பக்கத்து வீட்டில் இருக்கக்கூடும். வேலை தொடங்கும் முன் அவர்களிடம் போய்ப் பேசுங்கள். பொதுச்சுவரில் எங்கே ஈரம் காண்கிறது, எந்தக் கல் ஏற்கெனவே ஒட்டுப்போட்டது என்பதை உங்கள் அளவைப் படத்தைவிட அவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள். கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையின் மூத்தவர் ஒருவர்