கடும் நோய் கண்டபின் ஓய்வூதிய உரிமையைக் காத்துக்கொள்ளுதல்

புற்றுநோயோ பக்கவாதமோ சிறுநீரகச் செயலிழப்போ உறுதியானவுடன் பணியாளர் பலர் இரண்டு தாள்களில் கையொப்பமிட்டு விடுகின்றனர். ஒன்று பணிவிலகல் கடிதம். மற்றொன்று வருங்கால வைப்பு நிதியை முழுவதுமாக எடுப்பதற்கான விண்ணப்பம். இரண்டையும் அவசரத்தில் செய்யலாகாது. நோயுற்ற பணியாளருக்கெனச் சட்டம் வகுத்துள்ள உரிமைகளுள் முக்கியமானவை, பணியில் இருப்பவருக்கே உரியவை.

மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்படும் பி.எஃப். தொகையைப் பலர் ஒரே சேமிப்பாகக் கருதுகின்றனர். உண்மையில் அதில் மூன்று திட்டங்கள் பிணைந்துள்ளன. பணியாளர் செலுத்தும் 12 விழுக்காடு முழுவதும் வைப்பு நிதிக்குச் செல்கிறது. நிறுவனம் செலுத்தும் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு, 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையிலுள்ள ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. இதற்கு ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய் என்பதால், பொதுவாக மாதம் 1,250 ரூபாய்க்கு மேல் சேராது. மூன்றாவது, நிறுவனமே தனியாக அரை விழுக்காடு செலுத்தும் காப்பீடு. உறுப்பினர் பணியில் இருக்கையில் இறந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை இத்திட்டம் வழங்குகிறது.

பெங்களூரில் 2014 செப்டம்பருக்குப் பின், 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட அடிப்படைச் சம்பளத்தில் முதன்முறையாகப் பணியில் சேர்ந்த மென்பொருள் துறையினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினர் அல்லர். பி.எஃப். கணக்குப் புத்தகத்தில் ஓய்வூதியப் பத்தி வெறுமையாக இருந்தால், இங்கு ஓய்வூதியம் பற்றிச் சொல்லப்படுவது அவர்களுக்குப் பொருந்தாது, மற்றவை பொருந்தும்.

சிகிச்சைக்குப் பணம் வேண்டுமெனில் கணக்கை முடிக்க வேண்டியதில்லை. பெரிய அறுவை சிகிச்சை, ஒரு மாதமோ அதற்கு மேலோ மருத்துவமனையில் தங்குதல், காசநோய், தொழுநோய், பக்கவாதம், புற்றுநோய், மனநோய், இதயநோய் ஆகியவற்றுக்கு வைப்பு நிதியிலிருந்து முன்பணம் பெறலாம் என்பது நெடுங்காலமாக உள்ள விதி. முன்பணம் என்பது பெயரளவில்தான்; திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. ஆறு மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது பணியாளரின் சொந்தப் பங்கும் அதன் வட்டியும், இவற்றுள் எது குறைவோ அது கிடைக்கும். மாதம் 20,000 ரூபாய் பெறுபவரின் சொந்தப் பங்கு 1,80,000 ரூபாய் எனில், அவருக்கு 1,20,000 ரூபாய். மருத்துவச் சான்றுக்கு அலையாமல், தன்னறிக்கையின் பேரில் விண்ணப்பிக்கும் வசதி 2017இல் வந்தது. 2025 அக்டோபர் 13 அன்று கூடிய மத்திய அறங்காவலர் குழு, பகுதித் தொகை எடுக்கும் 13 விதிகளை மூன்று வகைகளாகச் சுருக்கவும், நிறுவனத்தின் பங்கையும் எடுக்க அனுமதிக்கவும், 25 விழுக்காட்டை இருப்பில் விட்டுவைக்கச் செய்யவும் முடிவெடுத்தது. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் எந்த வரம்பு நடைமுறையில் உள்ளது என்பதை உறுப்பினர் இணையதளத்தில் பார்த்துக்கொள்க.

மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. திட்டம் மற்றொரு துணை. நோயுற்ற காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். புற்றுநோய் உள்ளிட்ட 34 நீடித்த நோய்களுக்கு, இரண்டாண்டு தொடர் பணி முதலிய நிபந்தனைகளை நிறைவு செய்தவர்களுக்கு, 80 விழுக்காடு வீதம் இரண்டாண்டு வரை நீட்டிக்கப்படலாம். ராஜாஜிநகரிலும் பீன்யாவிலும் இந்திராநகரிலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உள்ளன. பணிவிலகல் கடிதம் கொடுத்தவர் இழப்பது எவ்வளவு என்பது இதனால் விளங்கும்.

இனி ஓய்வூதியம். பத்தாண்டுப் பணி நிறைந்தால்தான் ஓய்வூதியம் என்பது பொதுவிதி. ஆனால் பணியில் இருக்கும்போது நிரந்தரமாகவும் முழுமையாகவும் இயலாமை அடைந்தவருக்கு இவ்விதி தளர்த்தப்படுகிறது. ஒரே ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலும் அவர் வாழ்நாள் ஓய்வூதியத்துக்கு உரியவர். இயலாமை எனில் படுக்கையிலேயே கிடக்க வேண்டும் என்பதில்லை. அவர் அப்போது பார்த்து வந்த வேலையைச் செய்ய இயலாதவரா என்பதையே மருத்துவக் குழு பார்க்கும். தையல் இயந்திரம் இயக்கும் பெண்ணின் வலக்கை முடங்கியதா என்பதுதான் கேள்வி. அவரால் பேச முடிகிறதா என்பதன்று. விண்ணப்பம் 10டி படிவத்தில் அளிக்கப்பட வேண்டும்.

ஏழாண்டுப் பணி, 15,000 ரூபாய் ஊதியம் என்று வைத்துக்கொள்வோம். 15,000ஐ 7ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதம் 1,500 ரூபாய். மாறாக, 10சி படிவத்தின் வழியே ஓய்வூதியப் பங்கை மொத்தமாக எடுத்தால், ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு மாத ஊதியம் என்ற கணக்கில் ஒரு லட்சத்தைச் சற்றே கடக்கும் தொகை வரும். ஆறாண்டில் ஓய்வூதியம் அத்தொகையை எட்டிவிடும். ‘ஆறாண்டு இருப்பேனா?’ என்று கேட்பவரின் துயரம் நியாயமானதே. எனினும், ஓய்வூதியம் பெறத் தொடங்கியவர் இறந்தால் கணவனுக்கோ மனைவிக்கோ அதில் பாதி, குறைந்தது 1,000 ரூபாய், தொடர்கிறது. 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவருக்கும் தனி ஓய்வூதியம் உண்டு. மொத்தமாக எடுத்தவரின் குடும்பத்துக்கு இவற்றில் எதுவுமில்லை.

பெங்களூரில் இதைச் சொல்லும்போது 2016 ஏப்ரல் நினைவுக்கு வராமலிராது. நிறுவனத்தின் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று அவ்வாண்டு பிப்ரவரியில் வந்த அறிவிக்கையை எதிர்த்து, ஓசூர் சாலையிலும் பீன்யாவிலும் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஏப்ரல் 18, 19 தேதிகளில் வீதியில் இறங்கினர். 19ஆம் தேதியே அறிவிக்கை திரும்பப் பெறப்பட்டது. தங்கள் பணம் கைக்கெட்ட வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை சரியானதே. ஆனால் எடுக்கும் உரிமை இருப்பதாலேயே எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டியதில்லை.

மிகக் கடினமான முடிவு, எப்போது விலகுவது என்பதுதான். நோய் கண்டறியப்பட்டதே இயலாமை ஆகாது; சிகிச்சை முடிந்து பணிக்குத் திரும்புவோர் பலர். இயலாமை ஓய்வூதியம் பெற்று விலகினால் மாத வருவாய் உறுதியாகும். ஆனால் 7 லட்சம் வரையிலான காப்பீட்டுப் பாதுகாப்பு முடிந்துவிடும். ஊதியமில்லா விடுப்பிலேனும் பெயர் பதிவேட்டில் இருந்தால், கடைசிச் சந்தாவிலிருந்து ஆறு மாதத்துக்குள் இறப்பு நேரினும் காப்பீடு வழங்க அறங்காவலர் குழு 2025 பிப்ரவரி 28 அன்று ஒப்புதல் அளித்தது. இதை மருத்துவரிடம் ஒளிவின்றிப் பேசி, குடும்பத்தார் அறிய முடிவு செய்வதே முறை. விலகும் நிலை வந்தால், நோயே காரணம் என்று கடிதத்தில் தெளிவாக எழுதப்பட வேண்டும். ஐந்தாண்டு நிறையாத பணியிலும், இயலாமையால் விலகுபவருக்குப் பணிக்கொடை உண்டு. உடல்நலக் குறைவால் பணி முடிந்தால் வைப்பு நிதிக்கு வருமான வரி விலக்கும் உண்டு. ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்ற வழக்கமான இரு சொற்கள் இவ்விரண்டையும் சிக்கலாக்கிவிடும்.

பதிவுகளைச் சரிசெய்வது உடல் ஓரளவு ஒத்துழைக்கும் காலத்திலேயே நடைபெற வேண்டும். தமிழரின் தலைப்பெழுத்து ஆதாரில் ஒருவிதமாகவும் பி.எஃப். பதிவில் வேறுவிதமாகவும் இருப்பது இந்நகரில் அடிக்கடி காணப்படும் தடை. நிறுவனத்துடன் கூட்டு உறுதிமொழி அளித்து இதைத் திருத்தலாம். திருமணத்துக்கு முன் செய்த வாரிசு நியமனம் திருமணத்தோடு செல்லாததாகிவிடும். புதிதாகச் செய்ய வேண்டும். முந்தைய நிறுவனங்களின் கணக்குகளை ஒரே யு.ஏ.என். எண்ணின்கீழ் கொண்டுவராவிடில் பணியாண்டுகள் குறைந்து தெரியும். வங்கிக் கணக்கு பற்றியும் ஒரு சொல்: ஸ்டேட் பாங்க் ஆஃப் மைசூர் 2017இலும், விஜயா வங்கி 2019இலும், சிண்டிகேட், கார்ப்பரேஷன் வங்கிகள் 2020இலும் பிற வங்கிகளோடு இணைந்தன. அவற்றின் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு பி.எஃப். பதிவில் இன்னும் இருப்பின் உடனே மாற்றிக்கொள்க.

சிகிச்சைக்குப் பின் கிருஷ்ணகிரிக்கோ திருவண்ணாமலைக்கோ திரும்ப எண்ணுவோர் பெங்களூர்க் கிளையையே நம்பியிருக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரி முதல் இவ்வோய்வூதியத்தை நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பெறலாம். ஊர் மாறும்போது ஓய்வூதிய ஆணையை மாற்றத் தேவையில்லை. ஆண்டுக்கொருமுறை அளிக்கவேண்டிய வாழ்வுச் சான்றிதழையும், எழுந்து நடக்க இயலாதவர்கள் கைப்பேசியில் முக அடையாள முறையில் வீட்டிலிருந்தே அளிக்கலாம்.