கடுமையான கிட்டப்பார்வையும் கண் பாதுகாப்பும்

தடித்த கண்ணாடி அணிந்த ஒருவரைக் காணும்போது, "இவருக்குப் பார்வைக் குறைவு, கண்ணாடி போட்டதும் சரியாகிவிட்டது" என்று நாம் எண்ணுகிறோம். இது பாதி உண்மையே. கண்ணாடி பார்வையைத் தெளிவாக்குகிறது; கண்ணுக்குள் நேர்ந்துள்ள மாறுதலை அது நீக்குவதில்லை. இந்த வேற்றுமையை அறியாமையால் பார்வையை இழந்தவர்கள் உண்டு. சிறுவயது முதல் மைனஸ் 9 கண்ணாடி அணிந்து வருபவன் என்ற முறையில், நான் கற்ற பாடத்தைப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் வேளாண் பெருமக்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கண்ணில் நேர்வது என்ன?

வளர்ந்த மனிதனின் கண் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளமுள்ளது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கண் இதனினும் நீண்டு வளர்ந்துவிடுகிறது. ஆகவே தூரப் பொருளின் பிம்பம் விழித்திரையின்மேல் விழாமல் அதற்கு முன்பாகவே விழுகிறது. கண்ணாடியின் அளவு மைனஸ் 6 அல்லது அதற்கு மேற்பட்டிருந்தால் அதனைக் கடுமையான கிட்டப்பார்வை என்பர். இத்தகைய கண் பெரும்பாலும் 26 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நீண்டிருக்கும்.

இரண்டு மில்லிமீட்டர்தானே என்று எண்ணலாகாது. கண் நீளும்போது அதன் உட்சுவரில் படிந்துள்ள விழித்திரையும் இழுபட்டு மெலிகிறது. மெலிந்த இடத்தில் கிழிசல் உண்டானால், கண்ணினுள் இருக்கும் நீர் அதன் வழியே புகுந்து திரையைச் சுவரிலிருந்து பெயர்த்துவிடும். மழைநீர் புகுந்த சுவரில் காரை பெயர்வதைப் போன்றது இது. பெயர்ந்த பகுதிக்குப் பார்வை இல்லை. இதுவன்றி, கண்ணழுத்த நோய், இளவயதிலேயே கண்புரை, நடுப்பார்வைக் கேடு ஆகியவையும் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக நேரக்கூடும்.

மூன்று அபாயக் குறிகள்

விழித்திரை கிழியும்போது வலி இராது, கண்ணும் சிவக்காது. ஆகையால்தான் பலர் ஏமாந்து போகின்றனர். பின்வரும் மூன்றையும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

1. கண்முன் கரும்புள்ளிகளோ, நூலிழைகளோ, கொசுக்கூட்டம் போன்ற தோற்றமோ திடீரென மிகுதல்.
2. கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தோன்றுதல்.
3. பார்வையின் ஒரு பக்கத்தில் திரை விழுந்தாற்போல் நிழல் படர்தல்.

இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றைய தினமே, விழித்திரையைச் சோதிக்கும் வசதியுள்ள கண் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமசபைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கையில், என் வலக்கண்ணில் கரித்தூளைத் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றின. களைப்பு என்று கருதி, வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஊராட்சித் தலைவர் விடவில்லை. "ஐயா, என் தம்பிக்கும் இப்படித்தான் தொடங்கியது" என்று கூறித் தம் வண்டியிலேயே அழைத்துச் சென்றார். கிழிசல் இருந்தது, திரை இன்னும் பெயரவில்லை. லேசர் ஒளியால் கிழிசலைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி அடைத்தார்கள். அன்று மாலையே வீடு திரும்பினேன். அவருடைய தம்பியோ, அறுவடை முடியட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்தவர். அறுவை சிகிச்சைக்குப் பின்னும் அந்தக் கண்ணுக்கு ஆளின் உருவம் மட்டுமே தெரிகிறது. எங்கள் இருவருக்கும் தொடக்கம் ஒன்றே. வேறுபட்டது நாள் கணக்குத்தான்.

விழித்திரை பெயர்தல் முற்காலத்தில் தீராத நோயாகவே கருதப்பட்டது. கிழிசலே இதற்குக் காரணம், அதை அடைத்தால் திரை மீண்டும் ஒட்டும் என்பதை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிலைநாட்டியவர் சுவிட்சர்லாந்து நாட்டு டாக்டர் ஜூல் கோனின். இன்று சிகிச்சை உண்டு; காலத்தில் சென்றவர்க்கே அதன் முழுப்பயன் கிடைக்கும்.

அன்றாடக் கவனம்

ஆண்டுக்கு ஒரு முறையேனும் மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரை முழுவதையும் சோதித்துக்கொள்ளுதல் அவசியம். கண்ணாடிக் கடையில் அளவு பார்ப்பது இதற்கு ஈடாகாது. மருந்து விட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்குமாதலால், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்க, வண்டி ஓட்டலாகாது.

வாரம் ஒரு முறை, கண்ணாடி அணிந்தபடியே ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு சன்னல் கம்பியைப் பாருங்கள். நேரான கம்பி வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால் தாமதமின்றி டாக்டரைக் காண்க.

கண்ணில் அடிபடாமல் காத்தல் வேண்டும். களைவெட்டும் இயந்திரம் இயக்கும்போதும், கல் உடைக்கும்போதும், பற்றவைக்கும்போதும் அவ்வத் தொழிலுக்குரிய காப்புக் கண்ணாடி அணிக. டாக்டர் எழுதித் தராத சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி இடலாகாது. அவற்றுள் சில கண்ணழுத்தத்தை உயர்த்திப் பார்வை நரம்பைக் கெடுக்கும்.

தவறான எண்ணங்கள்

கண்ணாடி போட்டால் அளவு ஏறும் என்பது தவறு. கீரையும் காரட்டும் நல்ல உணவுகள். அவை மாலைக்கண் வராமல் காக்க உதவும். ஆனால் நீண்ட கண்ணைக் குறுக்க மாட்டா. லேசர் சிகிச்சையால் கண்ணாடியைக் கழற்றியவர்களுக்கும் கண்ணின் நீளம் முன்போலவே இருப்பதால் ஆண்டுச் சோதனை தேவை. கண்ணாடி போட்டால் திருமணம் தடைப்படும் என்று பெண் குழந்தைகளின் குறையை மறைப்பது பெருந்தீங்கு. குழந்தைகள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெளியில் பகலொளியில் விளையாடினால் கிட்டப்பார்வை தொடங்கும் வாய்ப்புக் குறைகிறது. இது செலவில்லாத மருந்து.

பஞ்சாயத்து செய்யத் தக்கவை

மேற்கூறிய மூன்று குறிகளை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம். கிராமசபையில் படித்துக் காட்டலாம். விழித்திரைச் சிகிச்சை அருகில் எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்னரே கேட்டறிந்து, அதனையும் அங்கேயே எழுதுக. பள்ளியில் கண் சோதனை நடக்கும் நாளில் எந்தப் பிள்ளையும் விடுபடாமல் பார்த்துக்கொள்க. அவசரத்தில் வண்டி கிடைக்காத ஏழைக்கு வண்டி ஏற்பாடு செய்து தருக.

ஏரிக்கரையில் சிறு கசிவு கண்ட அன்றே ஒரு கூடை மண் போட்டால் கரை நிற்கும். நாளை என்றால் ஊரே திரண்டாலும் நிற்காது. கண்ணுக்கும் அதே கணக்குத்தான். அறுவடை சில நாள் காத்திருக்கும், கண் காத்திராது.