வீட்டில் இருக்கும் தாய் சும்மா இருக்கிறாரா?



லயத்துக்கு லயம் வீடு பார்க்கப் போகும்போது, "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்பது நமது வழக்கம். மலைக்குப் போகாத தாய்மாரிடமிருந்து அநேகமாக ஒரே பதில்தான் வரும். "வேலையா? ஒன்னுமில்ல மிஸ். வீட்டில சும்மாதான் இருக்கேன்."

இதைச் சொல்லும்போது இடுப்பில் ஒரு பிள்ளை இருக்கும். அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும். இஸ்தோப்பில் துவைக்க வேண்டிய துணி குவிந்து கிடக்கும். நாமும் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பதிவுப் புத்தகத்தில் "தொழில் இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போயிருக்கிறோம். பல வருடங்களாக நாம் செய்த தவறு இது. அதைத் திருத்திக்கொள்ளத்தான் இந்த முறை இந்தப் பாடத்தை எழுதுகிறோம். வீட்டில் இருக்கும் தாய்மாருக்கும், வேலையை விட்டு வீட்டில் இருக்கலாமா என்று யோசிக்கும் தாய்மாருக்கும் இது.

1. நிற்பதற்கு முன் கணக்குப் பாருங்கள்

பிள்ளைக்காக வேலையை விடுவது தவறில்லை. விடாமல் இருப்பதும் தவறில்லை. ஆனால் கோபத்திலோ, களைப்பிலோ, கணக்குப் பார்க்காமலோ விடுவது தவறு.

சில வருடங்களுக்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு தாய் திடீரென்று வேலைக்குப் போவதை நிறுத்தினார். பிள்ளைக்கு ஓயாத சளி. அவருடைய சேவை 5 வருடமாக இன்னும் 2 மாதம்தான் இருந்தது. அவருக்கும் அது தெரியாது. நாமும் கேட்கவில்லை. பிறகு கேட்டபோது காலம் கடந்துவிட்டது. அது இன்றும் நம் மனதில் உறுத்தலாகவே இருக்கிறது.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க பணிக்கொடைச் சட்டப்படி 5 வருட சேவை பூர்த்தியானால்தான் நாம் சேவைக்காலப் பணம் என்று சொல்லும் தொகை கிடைக்கும். நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு பூர்த்தியான வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். 5 வருடத்துக்கு 70 நாள் சம்பளம். 4 வருடம் 10 மாதத்தில் நின்றால் ஒன்றும் இல்லை.

அடுத்த முறை இன்னொரு இளந்தாய், "போதும் மிஸ், நாளையில இருந்து நான் போகப் போறதில்ல" என்று வந்தபோது, முதலில் தோட்டக் காரியாலயத்தில் அவர் பேர் பதிந்த திகதியைப் பார்த்தோம். இன்னும் 3 மாதம் இருந்தது. மாமியாரிடம் பேசினோம். "மூனு மாசம்தானே, புள்ளைய நான் பார்த்துக்கிறேன், நீ போயிட்டு வா" என்றார் அந்த அம்மா. 5 வருடம் முடிந்த பிறகு முறைப்படி கடிதம் கொடுத்து நின்றார். 70 நாள் சம்பளம் கைக்கு வந்தது. அதில் கோழிக்கூடு கட்டினார், மிச்சத்தைப் பிள்ளையின் பேரில் வங்கியில் போட்டார்.

ஆகவே நிற்க நினைப்பவர்கள் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்:

* பேர் பதிந்த திகதி எது? 5 வருடம் பூர்த்தியா?
* சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். விலகுவதாக எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். விலகிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் சேவைக்காலப் பணம் கொடுக்கப்பட வேண்டும். கிடைக்காவிட்டால் தொழில் காரியாலயத்தில் முறையிடலாம்.
* ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 100 ரூபாவுக்கு 8 ரூபா வெட்டப்படுகிறது, தோட்டம் 12 ரூபா போடுகிறது. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தோட்டம் தனியாக 3 ரூபா போடுகிறது. வேலையை விட்டாலும் சேமலாப நிதிப் பணம் எங்கும் போகாது. வட்டியோடு இருக்கும். பெண்கள் 50 வயதில் எடுக்கலாம்.
* செக்ரோலில் உள்ள பேர், அடையாள அட்டைப் பேர், பிறப்புச் சான்றிதழ்ப் பேர் மூன்றும் ஒன்றா? ஓர் இடத்தில் "லெட்சுமி", இன்னோர் இடத்தில் "லட்சுமி" என்று இருந்தால் பணம் எடுக்கும்போது அலைச்சல்தான். வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். பால் கொடுக்க நேரமில்லை என்பதற்காக மட்டும் யாரும் வேலையை விட வேண்டியதில்லை. பிரசவ விடுமுறை 84 நாள். முன்பு 3ஆவது பிள்ளையிலிருந்து அது 42 நாளாகக் குறைந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கும் ஒரே அளவுதான். வேலைக்குத் திரும்பிய பிறகு, பிள்ளைக்கு 1 வயதாகும் வரை பால் கொடுக்க நாளைக்கு 2 தடவை நேரம் உண்டு. பிள்ளை மடுவம் இருக்கும் இடத்தில் தடவைக்கு 30 நிமிடம், இல்லாத இடத்தில் 1 மணி நேரம். இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல, சட்டம்.

2. ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம்

வேலையை விட்டு வீட்டில் இருக்கும் ஒரு தாயோடு உட்கார்ந்து அவருடைய ஒரு நாளைக் கொப்பியில் எழுதினோம். காலை 4.30க்கு எழும்புகிறார். இரவு 9.30க்குப் படுக்கிறார். அது 17 மணி நேரம்.

பீலியில் தண்ணீர் எடுப்பது 1½ மணி. சமையல் 4 மணி. துவைப்பது, கூட்டுவது, பாத்திரம் கழுவுவது 2½ மணி. விறகு 1½ மணி. பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, பாடசாலைக்கு அனுப்பி, பாடம் பார்ப்பது 3 மணி. மரக்கறித் தோட்டமும் ஆடும் 1½ மணி. எல்லாம் கூட்டினால் 14 மணி நேரம். சாப்பிட, குளிக்க, சற்றுக் கால் நீட்ட மிச்சம் 3 மணி.

கூட்டி முடித்ததும் அந்தத் தாய் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மலையில நின்னப்ப சங்கு ஊதினா வேலை முடிஞ்சிரும் மிஸ். வீட்டில சங்கே ஊதுறதில்ல" என்றார்.

ஆகவே வீட்டுக்கும் ஒரு சங்கு வேண்டும். பகலில் அரை மணி, இரவில் 8 மணிக்குப் பிறகு என்று ஏதாவது ஒரு நேரத்தை வையுங்கள். அந்த நேரத்தில் அவசரமில்லாத வேலை எதுவும் இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். முதல் வாரம் சிரிப்பார்கள். பிறகு பழகிவிடும்.

3. தாயின் சாப்பாடு

சம்பளம் ஒன்று குறைந்தவுடன் தாய்மார் முதலில் குறைப்பது தங்கள் சாப்பாட்டைத்தான். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடுவது, காலையில் வெறும் சாயத்தண்ணியோடு நிற்பது. "நான்தான் உழைக்கலயே, எனக்கு எதுக்கு முட்டை?" என்று ஒரு தாய் நம்மிடமே கேட்டார். 14 மணி நேரம் உழைப்பவர் கேட்கும் கேள்வியா இது?

இரத்தக் குறைவுக்கு ஒரு காரணம் நம் பழக்கத்திலேயே இருக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பிட்டு 1 மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விட்டால் அந்தச் சத்து நன்றாகச் சேரும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம்.

4. சாமி கும்பிடும் நேரம்

வீட்டையும் வேலையையும் பேசுகிறோம். இரண்டையும் தாங்கும் மூன்றாவது தூண் பக்தி. அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் இது பொது.

"வீட்டில இருந்தும் சாமி கும்பிட நேரமில்ல மிஸ்" என்று பலர் சொல்கிறார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் 15 நிமிடம் போதும். டிவியை அணைத்து, கைபேசியைத் தூர வைத்து, தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்து உட்காருங்கள். தேவாரமோ ஜெபமோ, ஒன்று சொல்லுங்கள். தாய் மட்டும் தனியாகக் கும்பிட்டு, மற்றவர்கள் சோற்றுக்குக் காத்திருப்பது வீட்டுப் பிரார்த்தனை ஆகாது. அந்த 15 நிமிடம் எல்லோர் மனதும் ஆறும். பகலில் சொல்ல முடியாத ஒரு வார்த்தையைப் பிள்ளை அப்போதுதான் சொல்லும்.

ஆனால் பக்தி தாய்க்கு இன்னொரு சுமையாகக் கூடாது. பால் கொடுக்கும் தாய் நாள் முழுவதும் பட்டினி விரதம் இருக்க வேண்டுமா என்று நமது தோட்டத்துப் பூசாரியிடமே கேட்டோம். "பசியில தாய் மயங்கி விழுந்தா அம்மனுக்கு என்ன சந்தோசம்? பாலும் பழமும் சாப்பிட்டுக் கும்பிடட்டும்" என்றார். அதேபோல, நேர்த்திக்கடனுக்காக வாரக் கடன் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் தாய்மாரைத் தேடி வாசலுக்கே கடன் வரும். வட்டி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதிக் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

பொறுமை நல்ல குணம்தான். ஆனால் குடித்துவிட்டு அடிப்பவனைப் பொறுத்துக்கொள் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. மனம் விட்டுப் பேச நாமும் இருக்கிறோம்.

5. தகப்பன்மாருக்கு இரண்டு வார்த்தை

"நான் உழைக்கிறேன், நீ திங்கிற" என்ற பேச்சை விடுங்கள். அவர் வீட்டில் இருப்பதால்தான் நீங்கள் நிம்மதியாக மலைக்கும் பக்டரிக்கும் போகிறீர்கள். தண்ணீரும் விறகும் உங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள கணக்கில் அதுவே 3 மணி நேரம். பிள்ளையைக் குளிப்பாட்டினால் ஆண்பிள்ளைக்குக் குறைச்சல் வராது. சம்பள நாளில் தவறணைப் பக்கம் திரும்பாமல் வீட்டுக்கு வந்து, இருவரும் உட்கார்ந்து செலவை எழுதுங்கள். கோழி முட்டை, மரக்கறி விற்ற காசு தாயின் கையிலேயே இருக்கட்டும். அதற்குக் கணக்குக் கேட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம்.

மாதர் சங்கத்தில் கலந்து பேச

1. உங்கள் ஒரு நாளை எழுதிக் கூட்டுங்கள். எத்தனை மணி நேரம் வருகிறது? அதில் எதை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம்?
2. உங்கள் பேர் பதிந்த திகதியும் சேமலாப நிதி இலக்கமும் உங்களுக்குத் தெரியுமா?
3. உங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து கும்பிடும் நேரம் எது? இல்லாவிட்டால் எந்த நேரத்தை வைக்கலாம்?
4. தாய் எப்போது சாப்பிடுகிறார்? முதலிலா, கூடவா, கடைசியிலா?

நாமும் ஒரு மாற்றம் செய்துவிட்டோம். நமது பதிவுப் புத்தகத்தில் இனி "தொழில் இல்லை" என்று எழுதுவதில்லை. "வீட்டுப் பொறுப்பு, நாள் முழுவதும்" என்று எழுதுகிறோம். அடுத்த முறை உங்கள் வாசலுக்கு வந்து "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்கும்போது, தயவுசெய்து "சும்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள்.