எழுத்து இல்லாவிட்டாலும் பிள்ளைக்குச் செலவுக் காசு உண்டு

நம்முடைய தோட்டங்களில் பல சோடிகள் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, கலியாண எழுத்து எழுதுவதில்லை. பிறகு புருஷன் கொழும்புக் கடை வேலைக்குப் போய்க் காசு அனுப்புவதை நிறுத்திவிட்டால், "எழுத்து இல்ல, என்னத்த கேக்கிறது" என்று அம்மாமார் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். லயத்தில் புத்தி சொல்கிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். இது பிழை. மனைவி தனக்கென்று காசு கேட்டால்தான் கலியாணத்தைப் பற்றிய கேள்வி வரும். பிள்ளைக்குக் கேட்பது வேறு. எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளை பிள்ளைதான்.

1889ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், கலியாணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்குப் பிறந்த ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும் என்று ஒரு தடை இருந்தது. "வருஷம் போச்சு, இனி முடியாது" என்ற பேச்சு அந்தக் காலத்தில் இருந்து வந்ததாக இருக்கும். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கேட்கலாம். 18க்கும் 25க்கும் இடைப்பட்டவர், தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாவிட்டால், அவரும் கேட்கலாம். வசதியுள்ள தாய் பிள்ளையைக் கைவிட்டால் தாயிடமும் கேட்கலாம். சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

உண்மையான சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. எழுத்து இல்லாத பிள்ளைக்கு, இவர்தான் தகப்பன் என்று நீதவான் நம்பும்படி காட்ட வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயரும் கையெழுத்தும் இருந்தால் பெரிய உதவி. கலியாணம் இல்லாத போது இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால்தான் அந்தப் பெயரைப் பதிவார்கள். ஆகவே பிள்ளை பிறந்ததும், உறவு நல்லா இருக்கும்போதே, பதிவை முடித்துவிடுங்கள். பெயர் இல்லையென்றாலும் வழி அடைபட்டுவிடாது. அவர் எழுதிய கடிதம், காசு அனுப்பிய ரசீது, கிளினிக் அட்டை, சேர்ந்து வாழ்ந்ததைப் பார்த்த அயல் லயத்துச் சனம், எல்லாம் சாட்சிதான். எதையும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.

வழக்கை நீங்கள் இருக்கும் பகுதியின் நீதவான் கோட்டிலேயே போடலாம். அவர் கொழும்பில் இருக்கிறார் என்பதற்காக நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. தாய் வெளிநாடு போயிருந்தால், பிள்ளையை வளர்க்கிற அம்மாயி பிள்ளைக்காகக் கேட்கலாம். லோயருக்குக் காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, உங்கள் சம்பளச் சீட்டு, பிள்ளைக்கு மாதம் ஆகும் பால்மா, பள்ளிக்கூட, மருந்துச் செலவுக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அவர் எங்கே, என்ன வேலை செய்கிறார் என்பதையும் முடிந்தவரை விசாரித்து எழுதிவையுங்கள். "வேலை இல்ல" என்று சொல்லி ஒருவர் லேசாகத் தப்ப முடியாது. உழைக்கக்கூடிய உடம்பு இருக்கிறதா என்பதையும் கோடு பார்க்கும்.

தலைவர் முன்னால் கை நிறையக் காசு வாங்கிக்கொண்டு, "இனிமேல் கேக்க மாட்டேன்" என்று கையெழுத்து வைக்கும் பழக்கம் நமக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காசு ஒரு தீபாவளிக்குத் தாங்காது. கோட்டுக் கட்டளை இருந்தால், சம்பள வேலையில் இருப்பவரின் சம்பளத்தில் இருந்தே பிடித்து அனுப்பச் சொல்லலாம். கட்டளை போட்டும் கட்டாதவருக்கு மறியலும் உண்டு. பிள்ளை வளர்ந்து செலவு கூடினால், தொகையைக் கூட்டித் தரும்படி திரும்பவும் கேட்கலாம். கட்டின மாதத்தையும் கட்டாத மாதத்தையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வாருங்கள்.